ஊர் ஊராகப் போன ஒரு சமன்பாடு: மந்தநிலையை முன்கூட்டிக் கணிப்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் (சுருக்கமாக ஃபெட்) நியூயார்க் கிளை மாதாமாதம் ஒரு எண்ணை வெளியிடுகிறது. இன்னும் 12 மாதம் கழித்து அமெரிக்கா மந்தநிலையில் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்பதுதான் அந்த எண். இதற்குப் பின்னால் ஏதோ பிரம்மாண்டமான மாடல் இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 10 வருட அரசுப் பத்திரத்தின் வட்டியிலிருந்து 3 மாத கருவூல பில்லின் வட்டியைக் கழிக்க வேண்டும், வரும் இடைவெளியை மைனஸ் 0.6330 ஆல் பெருக்கி அதோடு மைனஸ் 0.5333 சேர்க்க வேண்டும், கிடைப்பதை நார்மல் டிஸ்ட்ரிபியூஷன் அட்டவணையில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். புள்ளியியலில் இதைப் புரோபிட் மாடல் என்பார்கள். கெழுக்கள், அதாவது மேலே சொன்ன மைனஸ் எண்கள் இரண்டும், 1959 முதல் 2009 வரையிலான தரவில் மதிப்பிடப்பட்டவை.

கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். இடைவெளி பூஜ்யம் என்றால் வாய்ப்பு 30 சதவீதம். பிளஸ் 1 என்றால் 12. பிளஸ் 2 என்றால் 4 கூட இல்லை. குறுகிய கால வட்டி நீண்ட கால வட்டியைவிட மேலே போய், அதாவது யீல்டு கர்வ் (பத்திரத்தின் காலத்துக்கேற்ப வட்டி எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடு) தலைகீழாகி, இடைவெளி மைனஸ் 1.5 ஆனால் 66 சதவீதம்.

இந்த ஆய்வில் நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சமன்பாட்டைத் திருத்தாமல், மறுமதிப்பீடு செய்யாமல், அப்படியே மற்ற நாடுகளுக்குத் தூக்கிக்கொண்டு போய், அந்தந்த நாட்டு வட்டியைப் போட்டு என்ன சொல்கிறது என்று பார்க்கப் போகிறேன். நாட்டுக்கு நாடு கெழுவை மாற்றாமல் யாராவது இப்படிச் செய்வார்களா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் மறுமதிப்பீடு செய்த உடனே கோளாறு கெழுவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், மாடலின் பொருத்த அளவீடு கொஞ்சம் குறையும், நாமும் "இந்த நாட்டில் உறவு சற்றுப் பலவீனமாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அப்படியே போட்டால்தான் எங்கே உடைகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

அமெரிக்காவில் ஏன் வேலை செய்தது

கேம்ப்பெல் ஹார்வி 1986இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வில்தான் இந்த உறவு முதலில் கவனமாகப் பேசப்பட்டது. 90களில் எஸ்ட்ரெல்லா, ஹார்டூவெலிஸ், மிஷ்கின் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் அதைப் புரோபிட் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். காரணம் சிக்கலானதே இல்லை. பணவீக்கம் ஏறும்போது மத்திய வங்கி குறுகிய கால வட்டியை ஏற்றும். அது அளவுக்கு மீறிப் போய்விட்டது, சீக்கிரமே வட்டியைக் குறைக்க வேண்டிவரும் என்று பத்திரச் சந்தை நினைத்தால் 10 வருட வட்டி கூடவே ஏறாமல் கீழே நிற்கும். ஆக யீல்டு கர்வ் தலைகீழாவது என்றால், மத்திய வங்கி பிரேக்கை அழுத்திவிட்டது, அழுத்தியது அதிகம் என்று சந்தையும் நம்புகிறது, இந்த இரண்டும் ஒரே எண்ணில் சேர்ந்து வருகிறது என்று பொருள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நாடு நாடாகப் போகும்போது இதுதான் கைகொடுக்கும்.

2001க்கு முன் தலைகீழானது, 2007க்கு முன் தலைகீழானது. 1966இல் தலைகீழாகி மந்தநிலை வராமலும் போனது, அதைப் பலரும் சொல்வதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: 2007 டிசம்பரில் தொடங்கிய அந்தப் பெரிய வீழ்ச்சிக்கு முன்னால்கூட இந்தச் சமன்பாடு தந்த உச்ச எண் 40 சதவீதத்தை ஒட்டித்தான். 50ஐத் தாண்டவே இல்லை. அதனால்தான் இதைப் பயன்படுத்துகிறவர்கள் 30 சதவீதத்தைத் தாண்டினாலே உஷாராகிவிடுவார்கள். பாதிக்கு மேல் போனால்தான் எச்சரிக்கை என்று வைத்திருந்தால் 2008ஐத் தவறவிட்டிருப்போம்.

சரி, இவ்வளவு நன்றாக இருக்கும் ஒன்றை ஏன் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்? எண்ணிக்கைதான் பிரச்சினை. 1960 ஜனவரியிலிருந்து 2024 டிசம்பர் வரை 780 மாதம். அதில் மந்தநிலை மாதங்கள் சுமார் 95. தரவு நிறைய இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்த 95 மாதமும் ஒன்பதே ஒன்பது மந்தநிலைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அடுத்தடுத்த மாதங்கள் ஒன்றையொன்று நகலெடுப்பவை. 2008 மார்ச் மந்தநிலையில் இருந்தது என்று தெரிந்தால் ஏப்ரலிலும் இருந்தது என்பது புதுச் செய்தியா என்ன? ஆக இந்தப் புகழ்பெற்ற மாடலின் உண்மையான மாதிரி அளவு ஒன்பது. இந்த ஒன்பதைப் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில்தான் எல்லோரும் பல நாட்டுத் தரவுக்குப் போகிறார்கள், நானும் அப்படித்தான்.

முதல் முட்டுக்கட்டை: எதைக் கணிக்கிறோம்?

வலது பக்கம் வட்டி இடைவெளி. இடது பக்கம் என்ன? மந்தநிலையா இல்லையா, 1 அல்லது 0. கேட்க எளிது.

அமெரிக்காவில் என்பிஇஆர் என்ற ஆய்வு நிறுவனத்தின் குழு ஒன்று கூடி, வேலைவாய்ப்பு, வருமானம், உற்பத்தி, விற்பனை எல்லாவற்றையும் பார்த்துத் தேதி சொல்லும். அவசரமே படமாட்டார்கள். 2007 டிசம்பரில் உச்சம் முடிந்தது என்று அறிவித்தது 2008 டிசம்பர் 1ஆம் தேதி, முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்து இரண்டரை மாதம் ஆன பிறகு. 2009 ஜூனில் மந்தநிலை முடிந்தது என்று சொன்னது 2010 செப்டம்பரில். செய்திகளில் வரும் "தொடர்ந்து இரண்டு காலாண்டு ஜிடிபி சரிவு" என்ற விதியை அவர்கள் பின்பற்றுவதில்லை. 2022இன் முதல் இரண்டு காலாண்டும் சரிவு என்று முதலில் கணக்கு வந்தது, ஊரெல்லாம் மந்தநிலை என்று பேசியது, குழு வாயே திறக்கவில்லை. பிறகு வந்த திருத்தத்தில் இரண்டாம் காலாண்டு வளர்ச்சியாக மாறிவிட்டது.

ஐரோப்பாவின் யூரோ வட்டாரம் முழுவதற்கும் இதுபோல் ஒரு குழு உண்டு, ஜப்பானில் அமைச்சரவை அலுவலகத்தின் கீழ் ஒன்று உண்டு. பெரும்பாலான நாடுகளில் அப்படி எதுவும் இல்லை. அப்போது என்ன செய்வார்கள்? சுலபமான வழி, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பின் திருப்புமுனைத் தேதிகளை எடுத்துக்கொள்வது. பல நாடுகளுக்கு ஒரே இடத்தில் 0, 1 என்று அழகாக அடுக்கிக் கிடைக்கும். இங்கேதான் பலர் விழுகிறார்கள். அந்தத் தேதிகள் குறிப்பது வளர்ச்சிச் சுழற்சியை, அதாவது போக்குக் கோட்டைவிட மேலே இருக்கிறோமா கீழே வருகிறோமா என்பதை. 8 சதவீத வளர்ச்சியிலிருந்து 6க்கு இறங்கினாலும் அதில் 1 விழலாம். சீனாவும் இந்தியாவும் "மந்தநிலையில்" இருந்த மாதங்கள் என்று அந்தத் தொடர் காட்டும் பலவற்றில் பொருளாதாரம் ஜோராக வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவுக்கு என்பிஇஆர் தேதி, மற்றவர்களுக்கு ஓஇசிடி தேதி என்று ஒரே நெடுவரிசையில் கலந்து போட்ட ஆய்வைப் பார்த்தால் நான் அதற்கு மேல் படிப்பதில்லை.

இன்னொரு வழி, ஜிடிபி தொடரை ஒரு கணினி நிரலுக்குக் கொடுத்து உச்சம், பள்ளம் கண்டுபிடிக்கச் சொல்வது. பிரை, போஷான் இருவரும் 1971இல் மாதத் தரவுக்கு எழுதியதை ஹார்டிங்கும் பேகனும் 2002இல் காலாண்டுக்கு மாற்றினார்கள்: இரு பக்கமும் இரண்டு காலாண்டைவிட உயரமாக இருந்தால் உச்சம், ஒரு கட்டம் குறைந்தது இரண்டு காலாண்டு, ஒரு முழுச் சுழற்சி குறைந்தது ஐந்து காலாண்டு. எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல் என்பதால் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இதற்கும் கண் கிடையாது. அயர்லாந்தைப் பாருங்கள். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அங்கே கொண்டுபோய்ப் பதிந்ததால் 2015இல் ஜிடிபி 26 சதவீதம் வளர்ந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டது. 2023இல் அதே ஜிடிபி விழுந்தது, வேலைவாய்ப்போ ஏறிக்கொண்டிருந்தது. நிரல் பாட்டுக்கு அங்கே மந்தநிலை என்று எழுதிவிட்டுப் போகும். அந்த நாட்டின் புள்ளிவிவர அலுவலகமே இந்தத் தொல்லை தாங்காமல் திருத்திய தேசிய வருமானம் என்று தனியாக ஒரு அளவை உருவாக்கிக்கொண்டது.

அப்புறம் திருத்தங்கள். பிரிட்டன் 2012 ஏப்ரலில் இரண்டாவது முறையாக மந்தநிலைக்குள் போய்விட்டது என்று அதிகாரபூர்வமாக அறிவித்தது, தலைப்புச் செய்தி, நாடாளுமன்றத்தில் அமளி. 2013 ஜூனில் வந்த திருத்தத்தில் 2012இன் முதல் காலாண்டு சரிவு பூஜ்யமாக மாறியது. அந்த மந்தநிலையே காணாமல் போய்விட்டது! ஜப்பானில் இதற்கு நேர்மாறு: 2019 தொடக்கத்தில் அரசாங்கம், போருக்குப் பிந்தைய மிக நீண்ட வளர்ச்சி இதுவாகத்தான் இருக்கும் என்று பெருமையாகச் சொன்னது. 2020 ஜூலையில் தேதி பார்க்கும் குழு உட்கார்ந்து, அந்த வளர்ச்சி 2018 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, 71 மாதம்தான், பழைய சாதனையான 73ஐ எட்டவில்லை என்று தீர்ப்பளித்தது. அரசாங்கம் கொண்டாடிய நாளில் நாடு ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருந்திருக்கிறது.

இன்றைய திருத்தப்பட்ட தரவை வைத்து 2008இல் இருந்து கணிப்பதுபோல் பாவனை செய்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். அமெரிக்காவின் 2008 நான்காம் காலாண்டுச் சரிவு முதலில் ஆண்டு விகிதத்தில் 3.8 சதவீதம் என்று வந்தது, இன்று அதே காலாண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேல். வட்டி விகிதத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, நேற்றைய வட்டி நாளை திருத்தப்படாது. யீல்டு கர்வ் மேல் எல்லோருக்கும் இருக்கும் காதலுக்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தாலி, கிரீஸ்: அடையாளமே மாறிப்போன இடம்

இப்போது சமன்பாட்டோடு கிளம்பலாம். முதலில் இத்தாலி, 2011 நவம்பர். 10 வருடப் பத்திர வட்டி 7 சதவீதம். பல நாட்டுத் தரவுத் தொகுப்புகளில் யூரோ நாடுகளுக்குக் குறுகிய கால வட்டி என்று இருப்பது 3 மாத யூரிபோர் (யூரோ வட்டார வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் வட்டி), எல்லா நாட்டுக்கும் ஒரே தொடர். அது அப்போது 1.5 சதவீதம் அளவில். இடைவெளி பிளஸ் 5.5. சமன்பாட்டில் போட்டால் மைனஸ் 4 சொச்சம் வருகிறது, வாய்ப்பு லட்சத்தில் இரண்டு மூன்று. நடந்ததோ, இத்தாலி ஏற்கெனவே மந்தநிலைக்குள் நுழைந்திருந்தது, 2013 வரை வெளியே வரவில்லை.

கிரீஸ் இன்னும் மோசம். 2011 முழுக்க 10 வருட வட்டியின் சராசரி 15 சதவீதத்துக்கு மேல், இடைவெளி 14ஐ ஒட்டி. சமன்பாடு தரும் வாய்ப்பை எழுத வேண்டுமென்றால் தசமப் புள்ளிக்குப் பிறகு சுமார் இருபது பூஜ்யம் போட வேண்டும். அந்த வருடம் கிரேக்கப் பொருளாதாரம் 9 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. 2008க்கும் 2013க்கும் இடையில் நாட்டின் உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது.

இது சாதாரணத் தவறு இல்லை. மந்தநிலை எவ்வளவு ஆழமாகிறதோ அவ்வளவுக்கு மாடல் "கவலைப்படாதே" என்று இன்னும் உறுதியாகச் சொல்கிறது. ஏன் என்று பார்த்தால், 10 வருட வட்டிக்குள் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. எதிர்காலக் குறுகிய கால வட்டி எப்படி இருக்கும் என்ற எதிர்பார்ப்பு ஒன்று. இந்த அரசாங்கம் பணத்தைத் திருப்பித் தருமா என்ற பயத்துக்கான கூலி இன்னொன்று. அமெரிக்கப் பத்திரத்தில் இரண்டாவது ஏறக்குறைய கிடையாது, ஆகவே இடைவெளி சுத்தமாக முதலாவதைக் காட்டும். கிரீஸில் முழுக்க இரண்டாவதுதான். மேலும் கிரீஸுக்கென்று தனி மத்திய வங்கிக் கொள்கை இல்லை, குறுகிய கால வட்டியை பிராங்க்ஃபர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கி முடிவு செய்கிறது. பிரேக் வேறொருவர் காலடியில் இருக்கும்போது இங்கே மீட்டரைப் பார்த்து என்ன பயன்?

சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது, செய்துபார்த்தால் நன்றாகவே வருகிறது. யூரோ நாடுகளுக்கு நீண்ட கால வட்டியாக ஜெர்மனியின் 10 வருடப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டு வட்டிக்கும் ஜெர்மன் வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனி மாறியாக வையுங்கள். 2011 நவம்பர் இத்தாலிக்கு: ஜெர்மன் வட்டி 2 சதவீதம் அளவில், யூரிபோர் 1.5, ஆகக் கால இடைவெளி பிளஸ் 0.5. சமன்பாடு இப்போது 20 சதவீதம் சொல்கிறது. லட்சத்தில் இரண்டிலிருந்து நூற்றில் இருபதுக்கு! மிச்சமிருக்கும் 5 சதவீதப் புள்ளி அபாயக் கூலியாகத் தனியே நிற்கும், அதன் கெழு எதிர்க்குறி இல்லாமல் நேர்க்குறியோடு வரும், அதாவது அது ஏறினால் வாய்ப்பும் ஏறும். ஒரே நெடுவரிசையில் கிடந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டிருந்தன, பிரித்த உடனே இரண்டும் பேசுகின்றன.

ஜப்பான்: கீழே போக இடமில்லை

ஜப்பானை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1999 பிப்ரவரியில் வட்டி பூஜ்யத்துக்கு வந்தது. அதன் பிறகு 2024 வரை மத்திய வங்கியின் கொள்கை வட்டி 0.5 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. குறுகிய கால வட்டி பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தால் நீண்ட கால வட்டி அதற்கும் கீழே போவது அபூர்வம், கர்வ் தலைகீழாக வழியே இல்லை. அந்தக் காலத்தில் அதிகாரபூர்வ உச்சங்கள் நான்கு: 2000 நவம்பர், 2008 பிப்ரவரி, 2012 மார்ச், 2018 அக்டோபர். நான்கு மந்தநிலை, தலைகீழான கர்வ் தந்த தெளிவான எச்சரிக்கை ஒன்றும் இல்லை.

2016 செப்டம்பரில் இது வேடிக்கையின் உச்சத்துக்குப் போனது. குறுகிய முனை மைனஸ் 0.1, 10 வருட முனை பூஜ்யத்தை ஒட்டி என்று ஜப்பான் வங்கி இரண்டு முனையையும் தானே பிடித்துக்கொண்டது. இடைவெளி 0.1, சமன்பாடு சொல்வது 27, 28 சதவீதம், அடுத்த மாதமும் அதே, அதற்கடுத்த மாதமும் அதே. சந்தையின் கருத்தைக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு மத்திய வங்கியின் உத்தரவைத் திரும்பப் படித்துக்கொண்டிருப்போம்.

ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும்: மணி அடித்தும் வராத மந்தநிலை

2008 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் 90 நாள் வங்கி பில் 7.5 சதவீதத்துக்கு மேல், 10 வருடப் பத்திரம் 6 சொச்சம். இடைவெளி மைனஸ் 1.5 என்று வைத்தால் 66 சதவீதம், அமெரிக்காவுக்குக் கிடைத்ததைவிட எவ்வளவோ பலமான எச்சரிக்கை. (வங்கி பில்லில் வங்கியின் அபாயமும் கொஞ்சம் கலந்திருக்கும், அமெரிக்கக் கருவூல பில்போல் சுத்தமில்லை, அதைக் கழித்தாலும் எண் பெரியதுதான்.) ஆனால் ஜிடிபி விழுந்தது 2008இன் கடைசிக் காலாண்டில் மட்டும். 1991இலிருந்து 2020 வரை அந்த நாடு இரண்டு காலாண்டு விதிப்படி மந்தநிலையையே பார்க்கவில்லை.

பொய் எச்சரிக்கையா? அங்கேதான் எனக்குத் தயக்கம். ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி 2008 செப்டம்பரிலிருந்து 2009 ஏப்ரலுக்குள் 7.25இலிருந்து 3 சதவீதத்துக்கு வட்டியை இறக்கியது, அரசாங்கம் மக்கள் கையில் நேரடியாகப் பணம் கொடுத்தது, சீனா இரும்புத் தாதுவை வாங்கிக் குவித்தது. எச்சரிக்கை வந்தது, அதற்குத் தக்கபடி காரியம் நடந்தது, விபத்து தவிர்ந்தது. மேலும் வேலையின்மை 4 சதவீதத்தை ஒட்டி இருந்தது ஆறை நெருங்கிவிட்டது. என்பிஇஆர் குழுபோல் ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தால் 1 என்று போட்டிருக்கக்கூடும். இடது பக்க நெடுவரிசையில் ஒரு கட்டத்தை மாற்றினால் மாடலின் மதிப்பெண்ணே மாறுகிறது என்றால், அந்த மதிப்பெண்ணை எவ்வளவு நம்புவது?

பிரிட்டனின் கதை வேறு. 90களின் கடைசியில் அங்கே கர்வ் தலைகீழாகவே கிடந்தது, மந்தநிலை 2008 வரை வரவில்லை. அங்கே நீண்ட கால வட்டியை அழுத்தியது பொருளாதாரம் பற்றிய பயம் கிடையாது. 1995ஆம் வருட ஓய்வூதியச் சட்டம் ஓய்வூதிய நிதியங்களுக்குக் குறைந்தபட்ச நிதி விதி ஒன்றைக் கொண்டுவந்தது, அவையெல்லாம் நீண்ட கால அரசுப் பத்திரங்களை அள்ளிக்கொண்டன, விலை ஏறியது, வட்டி இறங்கியது. சட்டப்படி வாங்கியே ஆகவேண்டியவர்கள் இருக்கும் சந்தையில் விலை அவர்களின் கட்டாயத்தையும் சேர்த்துத்தான் சொல்லும். இந்தியாவிலும் வங்கிகள் தங்கள் வைப்புத்தொகையில் ஒரு பகுதியை அரசுப் பத்திரங்களில் வைத்தே ஆகவேண்டும், 90களின் தொடக்கத்தில் அது 38.5 சதவீதம் வரை போனது. அந்தக் கால இந்திய வட்டியை இந்தச் சமன்பாட்டில் போடுவதில் அர்த்தமே இல்லை.

வளரும் நாடுகளுக்கு இந்தச் சமன்பாட்டை நான் சுத்தமாகவே நிறுத்திக்கொண்டேன். 1979-80இல் இந்தியப் பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது கடும் வறட்சியாலும் எண்ணெய் விலையாலும். 1995இல் மெக்சிகோ விழுந்தது பெசோ சரிந்ததால். 2002இல் அர்ஜென்டினா கிட்டத்தட்ட 11 சதவீதம் விழுந்தது கடன் நெருக்கடியாலும் நாணய முறை உடைந்ததாலும். பருவமழை பொய்ப்பதை எந்தப் பத்திரச் சந்தையும் 12 மாதம் முன்னால் சொல்லாது. அங்கெல்லாம் அந்நியச் செலாவணி இருப்பு, குறுகிய கால வெளிநாட்டுக் கடன், நடப்புக் கணக்குப் பற்றாக்குறை இவற்றைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

வரிசைகள் கூடின, ஆதாரம் கூடியதா?

இப்போது எல்லா நாட்டையும் ஒன்றாகக் கொட்டி ஒரு மாடல் போடுவோம் என்று வையுங்கள். இருபது நாடு, ஐம்பது வருடம், மாதத் தரவு, 12,000 வரிசை. கெழுவின் பக்கத்தில், இது தற்செயல் இல்லை என்று காட்டும் புள்ளியியல் நட்சத்திரங்கள் மின்னும். ஆனால் அந்த மந்தநிலைகளைக் கூர்ந்து பார்த்தால் 70களின் நடுவில் எண்ணெய் நெருக்கடி, 80களின் தொடக்கம், 90களின் தொடக்கம், 2001, 2008-09, யூரோ நெருக்கடி, 2020 என்று ஏழெட்டு அலைகளில் முடிந்துவிடும். 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வளர்ந்த ஒரே நாடு போலந்து. மற்ற நாடுகளின் வரிசைகள் தனித்தனிச் சாட்சிகள் மாதிரி வந்து நின்றாலும் அவை சொல்வது ஒரே சம்பவத்தை. ஒன்பதிலிருந்து தப்பிக்க வெளிநாடு போனோம், கையில் இருப்பது ஏழெட்டு.

இது தெரியாமல் சோதித்தால் கிடைக்கும் மதிப்பெண் பொய்யாக வீங்கும். தரவைத் தாறுமாறாகக் கலைத்து ஐந்து பகுதியாகப் பிரித்துச் சோதிக்கும் பழக்கம் இங்கே விஷம்: பிரான்ஸின் 2009 பயிற்சித் தரவில், ஜெர்மனியின் 2009 சோதனைத் தரவில். மாடல் வட்டியைக் கற்றுக்கொண்டதா, வருடத்தை மனப்பாடம் செய்ததா என்று யாருக்கும் தெரியாது, மாறிகள் அதிகமுள்ள மெஷின் லேர்னிங் மாடல் என்றால் நிச்சயம் வருடத்தைத்தான் மனப்பாடம் செய்திருக்கும். காலத்தால் வெட்ட வேண்டும், 2005 வரை கற்றுக்கொடுத்து 2006க்கு மேல் சோதிக்க வேண்டும், அதுவும் 12 மாத இடைவெளி விட்டு, ஏனென்றால் 2005 டிசம்பரில் உட்கார்ந்திருப்பவருக்கு 2006 டிசம்பரின் விடை தெரியாது.

"90 சதவீதத் துல்லியம்" என்பதையும் காதில் வாங்காதீர்கள். அமெரிக்காவில் மந்தநிலை மாதங்கள் மொத்தத்தில் 12 சதவீதம், எதையுமே பார்க்காமல் "வராது, வராது" என்று சொல்லிக்கொண்டிருப்பவர் 88 சதவீதத் துல்லியம் வாங்கிவிடுவார். நிபுணர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான். பன்னாட்டு நாணய நிதியத்தில் பணியாற்றிய பிரகாஷ் லௌங்கானி 1990களின் கணிப்புகளை எடுத்துப் பார்த்தார்: பல நாடுகளில் வந்த 60 மந்தநிலைகளில் ஒரு வருடம் முன்பே நிபுணர்களின் பொதுக் கணிப்பில் தெரிந்தவை இரண்டு. அறுபதில் இரண்டு! மூன்றில் இரண்டு பங்கு, மந்தநிலை வந்த வருடத்தின் ஏப்ரலில்கூட கணிப்பில் இல்லை. வராத மந்தநிலையைத் தனியாகச் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட, வந்த மந்தநிலையை எல்லோரோடும் சேர்ந்து தவறவிடுவது வேலைக்குப் பாதுகாப்பு என்பது என் எண்ணம். இந்த இரண்டு கெழுச் சமன்பாட்டுக்கு அந்தக் கவலை இல்லை, அதன் ஒரே பலம் அதுவாகக்கூட இருக்கலாம்.

2022–24: சொந்த ஊரிலேயே சறுக்கியது

2022 மார்ச்சிலிருந்து 2023 ஜூலைக்குள் ஃபெட் வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டிய நிலையிலிருந்து 5.25–5.50 சதவீதத்துக்கு ஏற்றியது. 2022 இறுதியில் 10 வருடம், 3 மாதம் இடைவெளி எதிர்மறையானது, 2024 டிசம்பர் வாக்கில்தான் மீண்டது. 2023 மே மாத இடைவெளி மைனஸ் 1.7, சமன்பாட்டில் போட்டால் 70 சதவீதம், நியூயார்க் ஃபெட் வெளியிட்டதும் அதே எண், 1980களின் தொடக்கத்துக்குப் பிறகு இல்லாத உயரம். 2022 அக்டோபரில் நிதிச் செய்தி நிறுவனமான ப்ளூம்பெர்க்கின் மாடல் ஒன்று 12 மாதத்துக்குள் மந்தநிலை வர 100 சதவீத வாய்ப்பு என்றது. நூறு! ஒரு புள்ளியியல் மாடல் 100 என்று சொன்னால் முதலில் மாடலைத்தான் சந்தேகப்பட வேண்டும். 2023இல் அமெரிக்கா 2.5 சதவீதம் அல்லது அதற்கு மேலேயே வளர்ந்தது.

2024இல் சாம் விதியும் ஒலித்தது. வேலையின்மையின் மூன்று மாதச் சராசரி, முந்தைய 12 மாதத்தின் மிகக் குறைந்த சராசரியைவிட 0.5 சதவீதப் புள்ளி ஏறினால் மந்தநிலை தொடங்கிவிட்டது என்பது பொருளாதார அறிஞர் கிளாடியா சாம் 2019இல் வகுத்த விதி. ஜூலை தரவில் அது 0.53. மந்தநிலை அறிவிக்கப்படவில்லை. இந்த விதியையும் பல நாட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்களுக்கு 2009ஐ மட்டும் காட்டுவேன். ஜெர்மனியில் ஜிடிபி 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தும், வேலை நேரத்தைக் குறைத்து ஆளை வைத்துக்கொள்ளும் அரசுத் திட்டத்தால் வேலையின்மை 7.8இலிருந்து 8.1க்குத்தான் போனது. ஸ்பெயினில் 11இலிருந்து 18.

யீல்டு கர்வ் ஏன் சறுக்கியது? பிரேக் அழுத்தப்பட்டது நிஜம், ஆனால் சக்கரத்துக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. அமெரிக்காவில் வீட்டுக் கடன் பெரும்பாலும் 30 வருட நிலையான வட்டி, 2020–21இல் 3 சதவீதத்துக்குக் கடன் வாங்கியவருக்கு ஃபெட் 5 சதவீதத்துக்குப் போனாலும் மாதத் தவணை மாறாது. பெரிய நிறுவனங்களும் மலிவு வட்டியில் நீண்ட காலப் பத்திரங்களை விற்று வைத்திருந்தன. பெருந்தொற்றுக் காலச் சேமிப்பு கையில் இருந்தது, அரசுச் செலவும் குறையவில்லை. ஹார்வியே 2023 ஜனவரியில், தன் குறியீடு இந்த முறை பொய் எச்சரிக்கை தரக்கூடும் என்று சொன்னார்.

இந்த விளக்கங்களையெல்லாம் பின்னால் சொல்வது சுலபம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இதில் ஒன்றைப் பல நாட்டுத் தரவில் சோதிக்க முடியும், அதனால்தான் எனக்கு அது முக்கியம். ஆஸ்திரேலியா, ஸ்வீடன் மாதிரி மாறும் வட்டிக் கடன்கள் அதிகமுள்ள இடங்களில் வட்டி உயர்வு சீக்கிரமே குடும்பத்தின் பையைத் தொடும். கடன் தவணைச் சுமை, அதாவது வருமானத்தில் எத்தனை பங்கு அசலுக்கும் வட்டிக்கும் போகிறது என்ற அளவை, பாசெலில் உள்ள பன்னாட்டுத் தீர்வு வங்கி நாடு வாரியாக வெளியிடுகிறது. அந்த வங்கியின் ஆய்வாளர்கள் 2018இல் வளர்ந்த நாடுகளையும் வளரும் நாடுகளையும் சேர்த்துப் பார்த்து, மந்தநிலை அபாயத்தைச் சொல்வதில் கடன் சுழற்சி அளவைகள் யீல்டு கர்வைவிட மேல் என்ற முடிவுக்கு வந்தார்கள். கர்வ் பிரேக் அழுத்தப்பட்டதைச் சொல்லும், தவணைச் சுமை அது எங்கே உறைக்கிறது என்பதைச் சொல்லும். இரண்டையும் பெருக்கி ஒரு மாறியாக வைப்பதுதான் நான் அடுத்துச் செய்ய விரும்பும் மாற்றம்.

2020ஐ என்ன செய்வது என்பது பாக்கி. 2019இல் கர்வ் தலைகீழானது, 2020 பிப்ரவரியில் உச்சம் முடிந்தது, கணக்குப்படி இது வெற்றி. வைரஸைப் பத்திரச் சந்தை 2019 மே மாதமே மோப்பம் பிடித்தது என்று நம்பத் தயாராக இருப்பவர்கள் அதை வெற்றியில் சேர்த்துக்கொள்ளட்டும். நான் அந்த இரண்டு மாத மந்தநிலையை எல்லா நாட்டுக்கும் மதிப்பீட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன். 2022–24ஐ எடுக்கமாட்டேன், அது 0 என்றே இருக்கும், அதைச் சேர்த்து மறுமதிப்பீடு செய்தால் மைனஸ் 0.6330 பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கும், சுருங்கட்டும். சாதகமானதை வைத்துக்கொண்டு பாதகமானதை நீக்குகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது, நான் செய்வது அதற்கு நேரெதிர். இப்படிப் போட்டு வரும் மாடலை என் கணக்கில் ஒரு டஜன் நாடுகளுக்கு மேல் நீட்டமாட்டேன்: சொந்த மத்திய வங்கி, பூஜ்யத்தைவிட நன்றாக மேலே நிற்கும் வட்டி, ஓரளவு சுதந்திரமான பத்திரச் சந்தை, இந்த மூன்றும் உள்ளவை மட்டும். யூரோ நாடுகளுக்கு ஜெர்மன் வட்டியும் அபாயக் கூலியும் பிரித்த வடிவம். மற்ற நாடுகளுக்கு எண்ணே தருவதில்லை, கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவேன்.